செயலாளரின் ஆண்டறிக்கை: குரல்களைக் காக்கப் பொதுநிதி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சங்க விதிகளின்படி கடந்த ஆண்டின் பணிகளையும் வரவு செலவையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு உரிய காலங்களில் கூடியது. கதைசொல்லல் பயிற்சி முகாம் ஒன்று நடைபெற்றது. யுனெஸ்கோ 2005-ஆம் ஆண்டு அறிவித்த உலக ஒலி-ஒளி மரபு நாளான அக்டோபர் 27 அன்று, பழைய பதிவுகளைக் கூடியிருந்து கேட்கும் மாலை நிகழ்ச்சியை வழக்கம்போல் நடத்தினோம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை, நாடாப் பதிவுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் திட்டமும் அதற்குப் பொதுநிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பமும்தான் என்பதால், இவ்வறிக்கையிலும் அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன்.

சங்கத்தின் தொடக்க காலத்தில் உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று முதியவர்களிடம் கதைகளையும் பாட்டுகளையும் தொழில் அனுபவங்களையும் பதிவுசெய்தார்கள் என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். அந்தக் கேசட்டுகள் அலுவலக அலமாரியில் நெடுங்காலமாக இருக்கின்றன. இருக்கின்றன என்பதாலேயே பாதுகாப்பாக இருக்கின்றன என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். காந்த நாடாவில் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, ஈரக்காற்றில் மெல்லச் சிதைகிறது. நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவியும், அதைப் பழுது பார்ப்பவரும், உதிரிப் பாகமும் இல்லாமல் போகிற காலம் இது. யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒலி-ஒளிக் காப்பகங்கள் சங்கமும் இணைந்து 2019-இல் இது குறித்து ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 2025-ஆம் ஆண்டுக்குள் மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பகுதியை இனிக் கேட்கவே முடியாமல் போகலாம் என்று கூறின. அந்த ஆண்டு வந்துவிட்ட நிலையில் நம் அலமாரியை மேலும் பூட்டி வைத்திருப்பது முறையன்று எனச் செயற்குழுவில் நான் வற்புறுத்தினேன். செயற்குழுவும் ஒப்புதல் அளித்தது.

இப்பணி எத்தகையது என்பதை ஒரு கேசட்டைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அதன் மேல் ஒட்டிய தாளில் 'ஆலை – 2' என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. பதிவு செய்தவர் யார், பேசியவர் யார், எந்த ஆண்டு என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை படிந்திருந்தது. ஒலிமுனையோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு கழன்று உள்ளே விழுந்து கிடந்தது. பூஞ்சையைத் துடைத்து, நாடாவை வேறொரு உறைக்கு மாற்றிய பிறகே அதை ஓட்ட முடிந்தது. ஓட்டியபோது, நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு மூதாட்டி, இரவு முறையில் கண் அயராமலிருக்கப் பெண்கள் எந்திர இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பிப் பாடியதைப் பாடியே காட்டினார். எந்திரத்தின் ஓட்டம் கூடினால் பாட்டின் ஓட்டமும் கூடும் என்று சொல்லி, விரலால் பலகையில் தட்டித் தாளமும் போட்டார். அடுத்து, மேற்பார்வையாளர் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், குரலைத் தாழ்த்தி, "இத எடுத்துடாதீங்கம்மா" என்றார். பதிவு நிற்கவில்லை.

இந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பல வாரங்களுக்கு வேலை வைத்தது. அவர் தடுத்த பகுதியை நாம் ஒலிபரப்பலாமா, வெட்டிவிடலாமா, மூடி வைக்கலாமா என்பதற்கு வழிகாட்ட ஒப்புதல் படிவம் எதுவும் இல்லை. விசாரித்து அவருடைய குடும்பத்தைக் கண்டறிந்து, பதிவை முழுவதும் அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். பாட்டைப் பொதுவில் வைக்கலாம், அந்தப் பேச்சு வெளியே வரக்கூடாது என்று குடும்பத்தார் எழுத்தில் தந்தார்கள். மூலக்கோப்பு முழுமையாகக் காப்பில் இருக்கும், பொதுவில் வைக்கும் படியில் அப்பகுதி இராது என்று முடிவு செய்தோம். ஒரு பதிவைக் காப்பது என்றால் அதன் ஒலியைக் காப்பது மட்டுமல்ல, பேசியவர் நம்மீது வைத்த நம்பிக்கையையும் காப்பது என்பதால் இந்த முடிவில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மாற்றும் பணிக்கு, முன்சொன்ன பன்னாட்டுக் காப்பகங்கள் சங்கம் பரிந்துரைக்கும் அளவுகளையே பின்பற்றினோம். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 24 பிட் ஆழம், சுருக்கப்படாத வேவ் கோப்பு என்பது அதன் குறைந்தபட்ச அளவு. இரு தடங்களில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் இடம் பிடிக்கும். வன்தட்டு வாங்குவது இதில் சிறிய செலவு. ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் முழுவதும் உடனிருந்து கேட்க வேண்டும், அதைவிடப் பல மடங்கு நேரம் அதை எழுத்தாக்கவும் விவரக் குறிப்பு எழுதவும் வேண்டும். யார் பேசுகிறார், எந்த வட்டார வழக்கு, எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டு என்று குறிக்கப்படாத கோப்பு, எண் போடாமல் மண்ணில் புதைத்த பெட்டிக்குச் சமம். இந்த உழைப்புக்குத்தான் நிதி தேவை. இதற்குத்தான் நிதி கிடைப்பதில்லை.

பொதுநிதி வழங்கும் அமைப்பு ஒன்றுக்கு நாம் அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அதற்கு வந்த மறுமொழியில் மூன்று காரணங்கள் கூறப்பட்டிருந்தன. புதிய நிகழ்ச்சிகள் எத்தனை வெளிவரும் என்பது விண்ணப்பத்தில் தெளிவாக இல்லை என்பது முதலாவது. சங்கத்தின் சொந்தப் பங்களிப்பு போதாது என்பது இரண்டாவது. நிதிக்காலம் முடிந்த பிறகு கோப்புகளைப் பராமரிப்பவர் யார் என்பது மூன்றாவது.

முதற்காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒலிவழிக் கதைசொல்லல் இன்று வளர்ந்துவரும் கலை, பலர் அதில் ஈடுபடுகிறார்கள், அதற்குப் பொதுநிதி கிடைப்பதை வரவேற்கிறேன். ஆனால் கேட்டவுடன் கைதட்டல் பெறும் புதுத்தொடருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைக்கூட, அத்தொடருக்கு ஊற்றாக இருக்கும் பழம்பதிவைக் காக்க ஒதுக்காவிட்டால், பத்தாண்டுக்குப் பின் வருகிற கதைசொல்லிக்கு எடுத்தாள எதுவும் இராது. புதுத்தொடரும் நாளை பழம்பதிவாகும் என்பதையும் நிதி வழங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காப்பதற்குப் பணம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அயர்லாந்தின் அனுபவம் தெளிவான சான்று. அந்நாட்டு அரசு 1935-இல் நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்து, சேகரிப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் கேட்ட கதைகளையும் வழக்கங்களையும் குறிப்பேடுகளில் எழுதிக் கொடுத்தார்கள். ஆணையத்தின் தொகுப்பு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. பொதுப்பணம் செய்யக்கூடிய பெரும்பணிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் அதே சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்னும் ஒலிப்பதிவுக் கருவியின் மெழுகு உருளைகளில் பதிந்த குரல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. உருளைக்கு ஆகும் செலவைத் தாங்க முடியாததால், சொன்னதை எழுத்தில் பெயர்த்து முடித்ததும் மெழுகின் மேற்பரப்பைச் சீவிவிட்டு, அடுத்தவரின் குரலை அதே உருளையில் பதிந்தார்கள். சொற்கள் ஏட்டில் இருக்கின்றன. சொன்னவரின் இழுப்பும் நிறுத்தமும் சிரிப்பும் போய்விட்டன.

அந்த நாடே பின்னாளில் ஒரு நல்ல வழியைக் கண்டது. தொலைக்காட்சி வைத்திருப்போர் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் 5 விழுக்காட்டை ஒலிபரப்பு நிதியாக ஒதுக்க 2003-இல் சட்டம் இயற்றி, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை 7 விழுக்காடாக உயர்த்தியது. பண்பாடு, வரலாறு சார்ந்த புதிய வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு மட்டுமன்றி, ஒலிபரப்புப் பொருள்களை ஆவணப்படுத்துவதற்கும் அதே நிதியிலிருந்து உதவி கிடைக்கிறது. ஆக்கத்துக்கும் காப்புக்கும் ஒரே பெட்டியிலிருந்து பணம் வருகிற இந்த முறையையே அடுத்த விண்ணப்பத்தில் முன்மாதிரியாகக் காட்ட எண்ணியிருக்கிறேன். பிரிட்டனிலும் 2017 முதல் 2022 வரை, தேசிய லாட்டரி மரபு நிதியிலிருந்து 95 இலட்சம் பவுண்டு பெற்று, பிரிட்டிஷ் நூலகம் தன் வளாகத்துக்கு வெளியே பத்து வட்டார மையங்களுடன் சேர்ந்து அரிய ஒலிப்பதிவுகளை மாற்றியது. அந்தந்த வட்டாரத்திலேயே ஆட்களைப் பயிற்றுவித்து அப்பணி நடந்தது என்பது நம்மைப் போன்ற சிறு சங்கங்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

மூன்றாவது காரணம் நியாயமானது. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு, நெருங்கிய இருவர் நாற்பது நிமிடம் உரையாடுவதைப் பதிவுசெய்து, பங்கேற்றோரின் இசைவுடன் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் வாழ்வியல் மையத்தில் சேர்க்கிறது. பதிவு தொடங்கும்போதே அது எங்கே தங்கப்போகிறது என்பது முடிவாகிவிடுகிறது. பொதுநிதி நிரந்தரமானதும் அன்று. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, பொது வானொலி நிலையங்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிதி வழங்கிவந்த அமெரிக்கப் பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. அத்தனை பெரிய அமைப்புக்கே அந்நிலை என்றால், ஒரே நல்கையை நம்பி நாம் கோப்புகளை வைத்திருக்க முடியாது. எனவே, எல்லாக் கோப்புகளின் ஒரு படியையும் நம்பகமான ஒரு நூலகத்தில் ஒப்படைக்கப் பேச்சு நடத்தி வருகிறோம்.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். இதை எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் பொதுக்குழுவிடம் மறைக்கக் கூடாது. பொதுநிதி கேட்கும் சங்கம் தன் பங்காக ஒரு தொகையைக் காட்ட வேண்டும். அத்தொகைக்கு நமக்குள்ள முதன்மை வழி உறுப்பினர் சந்தா. பெயர்ப் பட்டியலில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலரின் நிலுவை அதற்கும் முந்தைய ஆண்டுகளுக்குச் செல்கிறது. நினைவூட்டுக் கடிதங்களும் கைபேசிச் செய்திகளும் அனுப்பப்பட்டன. தொகை எவருக்கும் பெரிதன்று என்பதை அனைவரும் அறிவோம். மரபு அழிகிறதே என்று மேடையில் உருக்கமாகப் பேசுகிற நண்பர்களும் நிலுவைப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்கிறேன். நிதி வழங்குவோர் நம் சந்தாப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். உறுப்பினர்களே பொருட்படுத்தாத பணிக்குப் பொதுமக்களின் வரிப்பணத்தை ஏன் தர வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் நாம் என்ன மறுமொழி கூற முடியும்?

வருகையும் அப்படியே. அக்டோபர் நிகழ்ச்சியில் அந்த ஆலைப் பாட்டை முதன்முறையாகப் பொதுவில் ஒலிக்கச் செய்தபோது, மூதாட்டியின் பேத்தி தன் குழந்தையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். நம் நாற்காலிகளில் பெரும்பாலானவை காலியாக இருந்தன. எழுத்தாக்கப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்களில் கடைசிவரை வந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரால்தான் இந்த அளவாவது முடிந்தது.

வரவு செலவைப் பொறுத்தவரை, தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். சந்தாவும் நன்கொடையும் வரவில் முதன்மை இடம் பெறுகின்றன. வன்தட்டு, கருவிப் பழுது, அச்சுச் செலவு, நிகழ்ச்சிச் செலவு ஆகியவை செலவில் அடங்கும். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது. கடன் ஏதும் இல்லை.

வரும் ஆண்டில், மீதமுள்ள நாடாக்களில் பூஞ்சை பிடித்தவற்றை முதலில் மாற்றவும், இனி எடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் பேசுபவரின் ஒப்புதலை எழுத்திலும் குரலிலும் பெறவும் செயற்குழு தீர்மானித்துள்ளது. பொதுநிதிக்கு மீண்டும் விண்ணப்பிக்க உள்ளோம். அதனுடன் சந்தாப் பதிவேட்டின் படியை இணைக்க வேண்டியிருப்பதால், விண்ணப்பம் அனுப்புமுன் அது எவ்வாறு தோற்றமளிக்கும் என்பது உறுப்பினர்களின் கையில் இருக்கிறது. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதையும் அதைப் பார்த்தே முடிவுசெய்ய எண்ணுகிறேன்.

வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், கணக்குகளைச் செம்மையாகப் பேணிய பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், தணிக்கையாளருக்கும், கூட்டங்களுக்கு இடமளித்தவர்களுக்கும், தம் வீட்டு முதியவர்களின் குரலை நம்மிடம் ஒப்படைத்த குடும்பங்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை வாயில் அருகே பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் இருப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்