2025 ஆண்டறிக்கை: செயலாளர்

எல்லாருக்கும் வணக்கம். கலிஃபோர்னியால இருக்கிற ஓக்லண்ட்ல ப்ளாக் புள்ளைங்கள வளர்க்கிற நம்ம தமிழ் அப்பா அம்மாக்கள் சங்கத்தோட இந்த வருஷ அறிக்கை இது. பொங்கல் நல்லபடியா நடந்துச்சு. அமெரிக்காவுல அடிமை முறை முடிஞ்சத கொண்டாடுற ஜூன்டீன்த் அன்னைக்கு லேக் மெரிட் ஏரிக்கரைல பாட்லக், ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வந்தாங்க. தமிழ் வகுப்பு டீச்சர் கிடைக்காம கோடைக்கு அப்புறம் நின்னுபோச்சு. தீபாவளிக்கு நல்ல கூட்டம்.

2024 நவம்பர் ஜனாதிபதி தேர்தல்ல கமலா ஹாரிஸ் தோத்தப்ப "அப்போ நம்மள மாதிரி யாரும் வரவே முடியாதாம்மா"ன்னு எங்க வீட்ல கேட்ட கேள்வி உங்க வீட்லயும் கேட்டிருக்கும். அவங்க அம்மா ஷியாமளா கோபாலன் 1958ல பெர்க்லிக்கு படிக்க வந்தவங்க, இந்த ஊர் தன் ரெண்டு பொண்ணுங்களையும் ப்ளாக்காதான் பாக்கும்னு புரிஞ்சுகிட்டு அந்தப் பெருமையோடவே வளர்த்தாங்க, நாம பண்றதும் அதேதான், அதனால அந்த தோல்வி நமக்கு ரொம்பவே வலிச்சுது. அதுக்கப்புறம் இந்த ஏப்ரல்ல பார்பரா லீ மேயர் தேர்தல்ல ஜெயிச்சப்ப, ஓக்லண்டுக்கு முதல் ப்ளாக் பெண் மேயர்னு நம்ம வாட்ஸப் குரூப் ராத்திரி முழுக்க தூங்கல.

ஆனா டிவில நம்ம புள்ள மாதிரி ஒரு முகம் வந்தா மட்டும் ஆயிடாது. வசந்த காலத்துல நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணுகிட்ட ஸ்கூல் டீம்ல "இந்த பின்னல அவுத்துட்டு வந்தாதான் விளையாடலாம்"னு சொல்லிட்டாங்க. முந்தின நாள் ராத்திரி அஞ்சு மணி நேரம் உக்காந்து பின்னுன தலை அது. நானும் அந்த அம்மாவும், ப்ளாக் மக்களோட தலைமுடிய வெச்சு பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சொல்ற கிரவுன் சட்டத்த பிரிண்ட் எடுத்து, ப்ரெய்ட்ஸ் (பின்னல்), லாக்ஸ் (சடை), ட்விஸ்ட்ஸ் (முறுக்கு)னு வர்ற வரிய மஞ்சள்ல அடிச்சு ஆபீஸ்ல மேசை மேல வெச்சோம். அந்த வாரமே அதே பின்னலோட அவ விளையாடுனா. கலிஃபோர்னியாதான் அந்த சட்டத்த 2019ல மொதல்ல போட்ட மாநிலம், கொண்டு வந்தவங்க ஹாலி மிட்செல், அப்போ மாநில செனட்டரா இருந்த அவங்களே லாக்ஸ் வெச்சிருக்கிற ப்ளாக் பெண். நம்ம புள்ளைங்க தலைய பத்தி தெரிஞ்ச ஒருத்தங்க அந்த சீட்ல இருந்ததாலதான் அந்த வரி வந்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன்.

அதனாலதான் இந்த வருஷம் ஓட்டர் பதிவ கையில எடுத்தேன். ஓக்லண்ட்ல 16 வயசுலயே ஸ்கூல் போர்டுக்கு, அதாவது ஊர் அரசுப் பள்ளிகள நடத்துற குழுவுக்கு, ஓட்டு போடலாம், 2020ல மக்கள் ஓட்டுப் போட்டு கொண்டு வந்தது, 2024ல முதல் தடவையா பசங்க போட்டாங்க. நம்ம வீட்டுப் பசங்க பாதிப் பேருக்கு இது தெரியவே இல்ல. பார்பரா லீயே ரெண்டு பையன்கள வெச்சுகிட்டு மில்ஸ் காலேஜ்ல படிச்சப்ப ஓட்டரா பதிவு பண்ணாம இருந்தவங்க, அமெரிக்க காங்கிரஸோட முதல் ப்ளாக் பெண் உறுப்பினர் ஷெர்லி சிஷோம் 1972ல ஜனாதிபதி வேட்பாளராக போட்டி போட்டப்ப "மொதல்ல போய் பதிவு பண்ணு"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் பண்ணாங்க. இந்தக் கதைய நான் ஒவ்வொரு வீட்லயும் சொல்லிட்டேன், திரும்பவும் சொல்வேன்.

மனசுல இருக்கறத சொல்லிடறேன். பாட்லக்ல உக்கார இடமில்ல, ஆனா புதன்கிழமை ராத்திரி ஸ்கூல் போர்டு மீட்டிங்குக்கு எப்பவும் அதே மூணு நாலு பேர். வேலை, டிராஃபிக், சின்னக் குழந்தை, எல்லாம் எனக்கும் இருக்கு. பேசறதுக்கு ஒருத்தருக்கு கொஞ்ச நேரம்தான் குடுப்பாங்க, பின்னாடி நாற்காலில ஆள் இருந்தா போர்டுல இருக்கறவங்க நிமிர்ந்து பாக்கறாங்க, இல்லன்னா பேப்பர புரட்டறாங்க. இத நேர்ல பாத்ததாலதான் இவ்ளோ வற்புறுத்துறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரியா இருக்கு, கையிருப்பு போன வருஷத்த விட கொஞ்சம் கம்மி, பில் எல்லாம் பொருளாளர்கிட்ட இருக்கு. சந்தா பாதிப் பேர் இன்னும் கட்டல. தலைவர், பொருளாளர், சமைச்சவங்க, ஹால் குடுத்த சர்ச், எல்லாருக்கும் நன்றி.

2026 நவம்பர்ல மறுபடியும் ஸ்கூல் போர்டு தேர்தல். செயலாளரா தொடர எனக்கு சம்மதம்தான், ஆனா கூட ரெண்டு பேராவது வேணும், முக்கியமா டீனேஜ் பசங்க இருக்கற வீட்லருந்து. பதிவு ஃபாரம் எங்க வீட்ல இருக்கு, வாங்க வர்றப்ப சந்தாவையும் கொண்டு வந்தா ஜனவரிக்குள்ள கணக்க முடிச்சுடலாம்.