பேட்டரி சதவீதம் தவறாகக் காட்டுவது பற்றிய புகார்

நாள்: 8-9-2025
சேலம்

அனுப்புநர்:
உங்கள் போனை வாங்கிய வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில் நகலில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரி எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கியது, அந்த எண்ணும் பொய்யாக இருப்பது, வாரண்டிக்குள் கொடுத்த புகாரை இழுத்தடித்தது குறித்து.

மதிப்பிற்குரிய அலுவலருக்கு,

வணக்கம். 12-8-2024 அன்று ரூ. 18,999 கொடுத்து உங்கள் நிறுவனத்தின் போன் ஒன்றைச் சேலத்தில் வாங்கினேன். பேட்டரி 5,000 எம்ஏஎச். முதல் பதினோரு மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாலு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்தேன். அந்த நாலு பேர் இப்போது என்னைப் பார்க்கும் பார்வையே வேறு, அது போகட்டும்.

வீட்டு முன்னறையில் சின்னதாக ஜவுளி வியாபாரம் செய்கிறேன். நைட்டி, உள்பாவாடை, லுங்கி, துண்டு. சரக்கு எடுக்கத் திங்கள் இரவு ஈரோடு கனி மார்க்கெட் சந்தைக்குப் போய்விட்டு செவ்வாய் காலையில் திரும்புவேன். இரவு முழுக்கப் போன் உயிரோடு இருந்தாக வேண்டும். பணம் கட்டுவது அதில், டிசைனைப் படம் எடுத்து வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்புவது அதில், கணக்கு எழுதுவதும் அதில்தான். எனக்கு வயது 52. வெள்ளெழுத்து வந்து ஆறு வருடம் ஆகிறது. அதனால் போன் வாங்கிய அன்றே பேட்டரி காட்டியைத்தான் முதலில் மாற்றினேன். செட்டிங்ஸில் ஸ்டேட்டஸ் பார் (திரையின் மேல்பட்டை) பகுதிக்குள் மூன்று விதம் இருந்தன: வெறும் பேட்டரி படம், படத்துக்குள் எண், படத்துக்குப் பக்கத்தில் எண். நான் மூன்றாவதைப் போட்டேன். பக்கத்தில் நிற்கிற எண் பெரிதாக இருக்கும். கையை நீட்டிப் பிடித்தால் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

ஜூலை முதல் வாரத்தில் உங்கள் அப்டேட் வந்தது. இரவில் அதுவாகவே ஏறிக்கொண்டது. காலையில் பார்த்தால் பக்கத்தில் இருந்த எண்ணைக் காணோம். படத்துக்குள் எறும்பு மாதிரி ஏதோ இரண்டு எழுத்து. செட்டிங்ஸுக்குள் போனால் மூன்றாவது விருப்பத்தையே எடுத்துவிட்டிருக்கிறீர்கள். உள்ளே எண், அல்லது எண்ணே வேண்டாம், இவ்வளவுதான். எழுத்து அளவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெசேஜ் எல்லாம் பூதம் போல வளர்ந்தது, அந்த எண் மட்டும் அப்படியே நின்றது. 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு நாள் 83 என்று நினைத்துக் கிளம்பிப் பாதி வழியில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் 33.

இதோடு நின்றிருந்தால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். கண்ணாடி போட்டுப் படித்த எண்ணும் சரியில்லை என்பதுதான் என் முக்கியமான புகார்.

ஜூலை 14, திங்கள். ஆடி பிறக்க மூன்று நாள் இருந்தது. சந்தையில் கால் வைக்க இடமில்லை. நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால் மணி இருக்கும். ஒரு கடையில் நாற்பது காட்டன் நைட்டி பேசி முடித்தேன், 7,800 ரூபாய். மூட்டையும் கட்டிவிட்டார்கள். கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன், 38 சதவீதம். அந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை என்று டார்ச் போட்டு, கேமராவைத் திறந்து கடையின் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, பின் நம்பர் அடித்தேன். கடைசி எண்ணை அடித்ததும் திரை கறுத்துவிட்டது. பணம் போனதா, போகவில்லையா? கடைக்காரரின் ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. "அக்கா, சத்தம் வரலியே" என்கிறார் அவர். நான் என்ன சொல்ல? பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். கையில் இருந்த ரொக்கம் பஸ்ஸுக்கும் டீக்கும்தான் காணும். டீக்கடையில் கெஞ்சிப் பிளக்கில் சொருகி, போன் உயிர் பெற்று, வங்கிக் கணக்கைப் பார்த்துப் பணம் போகவில்லை என்று தெரிந்துகொள்ளவே அரை மணிக்கு மேல் ஆனது. திரும்பிப் போனபோது அந்த மூட்டையை வேறொருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். ஆடிக்கு எடுக்க வேண்டிய சரக்கு அது.

ஜூலை 17 அன்று உங்கள் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பதிவு எண் இணைப்பில் இருக்கிறது. அவர்கள் சொன்னதை எல்லாம் செய்தேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கும் "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்றுதான் பதில் வரும். ரீஸ்டார்ட் செய்தேன். வெளியிலிருந்து போட்ட செயலிகள் எதுவும் ஓடாத சேஃப் மோடில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன், அப்போதும் அணைந்தது. பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, வருகிற கறுப்புத் திரையில் கேஷ் என்கிற தற்காலிகச் சேமிப்பை அழித்தேன். முழுக்க இறங்கவிட்டு, அணைத்த நிலையிலேயே நூறு வரை ஏற்றினேன், இரண்டு முறை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, புதுப் போன் மாதிரி ஆக்கினேன். அதில் இரண்டு வருட வாடிக்கைக்காரர் பட்டியலில் பாதி போனதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். ஜூலை 29 பக்கத்தை மட்டும் தருகிறேன். காலை 8:10-க்கு 100. பகல் 11:30-க்கு 71. 2:05-க்கு 46. 2:40-க்கு 34. அந்த நிமிடம் வீடியோ கால் ஒன்று வந்தது, எடுத்தேன். 2:41-க்குப் போன் அணைந்தது. சார்ஜரில் போட்டு ஆன் செய்தால் 1 சதவீதம். நாலே நிமிடத்தில் 19. இந்தப் பேட்டரி நாலு நிமிடத்தில் எப்படிப் பதினெட்டு சதவீதம் ஏறும்? உங்கள் விளம்பரத்தில்கூட அப்படிச் சொல்லவில்லை.

என் அக்கா மகன் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். விஷயத்தைப் புரியவைத்தவன் அவன்தான். இந்த வகை லித்தியம் பேட்டரியில் எவ்வளவு மீதம் என்பதை நேராகப் பார்க்க வழி கிடையாதாம். வோல்டேஜை வைத்துச் சொல்லலாம் என்றால், அது நடுவில் நெடுந்தூரம் கிட்டத்தட்ட ஒரே மட்டமாக ஓடிவிட்டுக் கடைசியில்தான் மளமளவென்று விழும். அதனால் உள்ளே போகிற, வெளியே வருகிற மின்சாரத்தை ஒரு சிப் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல், இறைத்த குடங்களை எண்ணிச் சொல்வது மாதிரி. தொட்டியில் சேறு படிந்து கொள்ளளவு குறைந்துபோனதை அந்தச் சிப் தெரிந்துகொள்ளவில்லை என்றால், அது பாட்டுக்கு இன்னும் முப்பது குடம் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். குழாயில் காற்றுதான் வரும். அதோடு, தளர்ந்த பேட்டரியிலிருந்து டார்ச்சும் கேமராவும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று சரிந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுமாம். கனி மார்க்கெட்டில் நடந்தது அப்படியே இதுதான்.

அவனே ஒரு சின்ன மீட்டரைச் சார்ஜருக்கும் போனுக்கும் நடுவில் போட்டுப் பார்த்தான். 5,000 எம்ஏஎச் பேட்டரியின் கணக்குப்படி 19 வாட்-மணிக்கு மேல் மின்சாரம் கொள்ள வேண்டும். போனை அணைத்து, அடியிலிருந்து முழுக்க ஏற்றியதில் மீட்டர் காட்டியது 13 கூட இல்லை. ஏறும்போது சூடாகி வீணாவதும் அந்தப் பதிமூன்றுக்குள் அடக்கம், ஆக உள்ளே நின்றது இன்னும் குறைவு. அப்படியும் உங்கள் போனில் பேட்டரி நிலை என்ற பக்கத்தைத் திறந்தால் பச்சையில் "நல்ல நிலை" என்று வருகிறது.

இனி உங்கள் சர்வீஸ் சென்டர். ஜூலை 18 அன்று போனேன். டோக்கன் எண் 47. கவுன்டரில் இருந்த தம்பி சார்ஜர் சொருகிப் பார்த்து, "சார்ஜ் ஏறுதும்மா, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றார். ஏறவில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆகஸ்ட் 2-ல் நோட்டோடு போனேன். மரியாதையாகவே வாங்கிப் படித்தார், அதைச் சொல்ல வேண்டும். மேலே கேட்டுவிட்டுப் போன் பண்ணுகிறேன் என்றார். பண்ணவில்லை. ஆகஸ்ட் 14-ல் நானே மறுபடி போனபோது, "வாரண்டி 11-ஆம் தேதியோட முடிஞ்சிருச்சும்மா, பேட்டரி மாத்தணும்னா 2,450 ஆகும்" என்கிறார். என் புகார் ஜூலை 17-ல் பதிவானது. வாரண்டி முடிய 25 நாள் இருந்தது. அந்த 25 நாளை ஓட்டியது நானா, நீங்களா? பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஜூலையில் சொன்ன அதே கவுன்டர், வாரண்டி முடிந்த மூன்றாம் நாள் பேட்டரி மாற்ற வேண்டும் என்கிறது.

சதவீதம் என்பதே ஒரு உத்தேசம்தான் என்றும் அங்கே எனக்குப் பாடம் எடுத்தார்கள். சரி, உத்தேசம்தான். 34 என்று காட்டி உண்மையில் 30 இருந்தால்கூட நான் வாய் திறக்க மாட்டேன், ஒன்றுமே இல்லை என்றால் மீதம் முப்பதை யார் தின்றது என்று மட்டும் கேட்பேன். 5 என்று காட்டினால் 5-க்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்வேன். பவர் பேங்க் எடுத்துப் போவேன், ரொக்கம் வைத்துக்கொள்வேன். பேட்டரி தளர்ந்தது அப்டேட்டுக்கு முன்பா, பின்பா, அப்டேட் வெறும் கணக்கைத்தான் குழப்பியதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டியது போனைச் செய்தவர்கள்.

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. என் மகள் ஐபோன் வைத்திருக்கிறாள். தளர்ந்த பேட்டரியோடு திடீரென்று அணைவதைத் தவிர்க்கப் பழைய போன்களின் வேகத்தைக் குறைத்தோம் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தது, அடுத்த வருடமே பேட்டரியின் உண்மையான கொள்ளளவைக் காட்டும் பக்கத்தையும் கொடுத்தது. ஐபோன் எக்ஸில் மேல்பட்டையிலிருந்து எடுத்த சதவீத எண்ணை 2022-ல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலில் எண் 50 என்றாலும் பேட்டரி படம் முழுக்க நிரம்பியே தெரிந்தது. ஆட்கள் முணுமுணுத்த பிறகு பின்னால் வந்த அப்டேட்டில் அதையும் சரிசெய்தார்கள். ஐரோப்பாவில் 20-6-2025 முதல் விற்கும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவாவது வைத்திருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அந்த விதி என் போனைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் நான் 400 முறைகூட இன்னும் சார்ஜ் போடவில்லை.

எனவே, பேட்டரியை வாரண்டிக் கணக்கில் இலவசமாக மாற்றிக் கொடுங்கள், மாற்றிய பிறகு அந்தச் சிப்பின் கணக்கையும் புதிதாகத் தொடங்கிக் கொடுங்கள். பக்கத்தில் எண் காட்டும் பழைய விருப்பத்தை அடுத்த அப்டேட்டில் திருப்பிக் கொடுங்கள். அதை எடுத்ததில் உங்களுக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 14 வரை என் புகார் யார் மேசையில் இருந்தது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். நைட்டி மூட்டைக்கு நஷ்டஈடு இப்போது கேட்கவில்லை.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். அப்போது நைட்டி மூட்டையும் கணக்கில் வரும். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்திய போன், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். சுயதொழிலில் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. தள்ளுவண்டி போட்டு வியாபாரம் பார்க்கிறவரையும் முன்னறையில் லுங்கி விற்கிறவளையும் மனதில் வைத்துத்தான் அதை எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், புகார்ப் பதிவு எண், சர்வீஸ் சென்டர் டோக்கன்கள் மூன்று, நோட்டின் பதினோரு பக்க நகல், மீட்டரின் படம்.

பி.கு.: பதிலைத் தபாலில் அனுப்புங்கள். போனில் கூப்பிடுவதானால் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் கூப்பிடவும். அதற்குப் பிறகு அது என்ன எண் காட்டினாலும் நான் உத்தரவாதம் தர முடியாது.