மீனாளுக்கு ஆத்தா எழுதுவது

காரைக்குடி

அன்புள்ள மீனாள்,

உனக்கு வந்திருப்பது சீலியாக் நோய் என்று கேட்டதும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ரத்தசோகைக்குக் காரணம் நீ ஒழுங்காகச் சாப்பிடாததுதான் என்று எத்தனை பேர் உன்னைக் குறை சொன்னார்கள்! நீ சாப்பிட்டாய். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை எதிர்க்கப் போய் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கியிருக்கிறது. சத்தை வாங்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையான பிறகு, இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கி என்ன பயன்?

மருந்தே கிடையாதா என்று அப்பச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களையும் ஆயுளுக்கும் விடுவதுதான் வைத்தியம். 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டிக்கு வழியில்லாதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். ஏற்கெனவே கோதுமைமேல் சந்தேகம் கொண்டிருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு அது உறுதியாயிற்று.

நம் பக்கம் அரிசிச் சமையல்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதே. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், இடியாப்பம், கவுனி அரிசி எல்லாம் உனக்கு ஆகும். ரங்கூன் புட்டு ஆகாது, அது ரவை. நேற்று அடுப்படி அலமாரியை ஒழித்துப் பார்த்தேன். பெருங்காய டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில், கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது! சாம்பார், ரசம், ஊறுகாய் என்று எதில்தான் அதைப் போடுவதில்லை? இனி அரிசி மாவு சேர்த்ததைத்தான் வாங்குவேன். பூரி பொரித்த எண்ணெயில் பணியாரம் ஊற்றக்கூடாது என்று சமையல்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உனக்கென்று தனிக் கடாய், தனிச் சல்லடை எடுத்து வைத்திருக்கிறேன்.

தை மாதக் கல்யாணத்துக்கு வரும்போது, "ஒரு வாய் தின்றால் என்ன?" என்று பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். முகதாட்சண்யத்துக்காகக்கூட வாயில் வைக்காதே. வயிறு வலிக்காவிட்டாலும் குடல் கெடும். யாருக்காவது மனத்தாங்கல் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இது இருக்கக்கூடும் என்பதால் நாங்கள் மூவரும் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். அதற்குள் உன் தம்பி சப்பாத்தியை நிறுத்தப் பார்த்தான். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்று தடுத்துவிட்டேன்.

எலும்பு அடர்த்தியும் பார்க்கச் சொன்னார்களே, பார்த்தாயா? எழுது.

உன்
ஆத்தா