கடலுக்குள் இருக்கும் கையெழுத்து: குமரி மாவட்ட வேட்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு தொகுதிகளிலும் போட்டியிடும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், சுயேச்சைகளுக்கும் வணக்கம்.

பிரசார ஜீப் எங்கள் பகுதியில் நின்ற சில நிமிடங்களில் ஒரு பெண் உங்களில் ஒருவரிடம் கேட்டார்: “கருக்கலைப்புச் சட்டத்தில உங்க நிலைப்பாடு என்ன சார்?” வேட்பாளர் கும்பிட்ட கையை இறக்காமல் சிரித்தார். பக்கத்தில் நின்றவர், “அது டாக்டர்மாரு சமாச்சாரம் அக்கா, அதை எதுக்கு இப்போ?” என்றார். வண்டி நகர்ந்துவிட்டது. எந்தக் கட்சி என்று இங்கே எழுதவில்லை. எந்த வண்டியை நிறுத்திக் கேட்டிருந்தாலும் இதைவிடக் கூடுதலாக ஒரு வார்த்தை கிடைத்திருக்காது.

ஆகவே எழுத்தில் கேட்கிறோம். எழுத்தில் பதில் தாருங்கள்.

1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் 2021-இல் வந்த திருத்தமும் நீங்கள் அறிந்தவை. சட்டமன்றம் போகப் புறப்பட்டவர்களுக்கு நாங்கள் பாடம் நடத்துவது முறையல்ல. நினைவுக்கு மட்டும் சொல்கிறோம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்கள். அதற்கு மேல், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம். பெண்ணின் உயிருக்கே உடனடி ஆபத்து என்றால் வாரக் கணக்கே இல்லை. இவ்வளவுக்கும் நடுவில், 18 வயது நிரம்பிய, மனநோய் இல்லாத ஒரு பெண்ணிடம் சட்டம் கேட்பது ஒரே ஒரு கையெழுத்து. அவளுடைய கையெழுத்து. அதற்கான படிவத்தின் பெயர் ‘சி’. கணவர் கையெழுத்துப் போட அதில் ஒரு கோடுகூடக் கிடையாது.

ஆனால் அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் பல இடங்களில் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “வீட்டுக்காரர் வந்திருக்காரா?”

இந்த மாவட்டத்தில் வீட்டுக்காரர் எங்கே இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளைப் பக்கம் என்றால் தங்கல் தொழிலுக்குப் போய், வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்க, ஆழ்கடலில் இருப்பார். மற்ற ஊர்களில் பல வீடுகளுக்குத் துபாய், சவுதி, குவைத். கையெழுத்து வாங்க அவள் கடலுக்குள் போக வேண்டுமா, விமானம் ஏற வேண்டுமா?

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்பதை நாள் கணக்கில் பாருங்கள். கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரியும்போதே நான்கு வாரம் கழிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருந்து, மெடிக்கலில் கார்டு வாங்கிச் சோதிக்கும்போது ஐந்து. ஓபி சீட்டோடு பெஞ்சில் உட்காரும்போது ஆறு வாரம், அதாவது 42-ஆம் நாள். மாத்திரையால் கலைக்க நம் நாட்டில் அனுமதி 63-ஆம் நாள் வரை. கையில் 21 நாள் இருக்கிறது, தாராளமான நேரம். “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா” என்று திருப்பி அனுப்புகிறார்கள். படகு போன வாரம்தான் புறப்பட்டது. கரை சேர இன்னும் 35 நாள். 42-உம் 35-உம் 77. பதினொரு வாரம். மாத்திரைக்கான கெடு 14 நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

அவள் இழந்தது எது? மைஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராமில் ஒரு மாத்திரை. ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராமில் நான்கு மாத்திரை. அதற்கு முன் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்க வேண்டும், ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்ட்டி-டி ஊசி வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். மணிக்கு இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே வந்துவிடு என்று ஒரு நர்ஸ் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் கழித்து முழுதாகக் கலைந்ததா என்று பரிசோதனை. இவ்வளவுதான். மீன் கம்பெனிக்கோ முந்திரி ஆலைக்கோ வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஓரிரு நாள் கூலியோடு முடிந்திருக்கும்.

பதினொரு வாரத்தில் மாத்திரைக்குப் பதில் உறிஞ்சும் முறை. 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்ச், ஒரு குழல், மரத்துப்போக ஊசி. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சிரிஞ்சும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருந்தால். இல்லாத இடத்தில் இன்னமும் சுரண்டியெடுக்கும் பழைய டி அண்ட் சி; உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொன்ன முறை அது. இதிலும் ஒரு வாரம் தள்ளி 12 வாரத்தைத் தாண்டிவிட்டால், செய்கிற மருத்துவருக்குச் சட்டம் கேட்கும் தகுதி கூடுகிறது. கிட்டத்து ஆஸ்பத்திரி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடும். அங்கே படுக்கை, மணிக்கணக்கில் மருந்து, பிரசவ வலிக்குக் குறையாத வலி, துணைக்கு ஒரு ஆள். தெரு முழுவதும் தெரிந்த செய்தி. எல்லாம் சட்டத்தில் இல்லாத ஒரு கையெழுத்துக்காக.

காத்திருக்கப் பயந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறோம். நம் மாநிலத்தில் பல மருந்துக் கடைகள் இந்த மாத்திரையை வைப்பதேயில்லை. யாரோ ஒருவர் கைமாற்றித் தருவதை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி, யாரையும் பார்க்காமல் விழுங்குகிறார்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தம் போகிறதே, வேலை நடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கட்டும்.

மருத்துவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கரை திரும்பிய கணவர் வாசலில் வந்து சத்தம் போடுவார் என்ற பயம். கருக்கலைப்பு இன்றும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 88-ஆவது பிரிவில் குற்றமாகவே இருக்கிறது. 1971 சட்டம் அதற்கு ஒரு விலக்குத்தான். அந்தப் பயத்தில் கூடுதலாக ஒரு கையெழுத்து இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மருத்துவரைக் காப்பாற்றுவது ‘சி’ படிவமும், அவரே எழுதிக் கையெழுத்திடும் கருத்துப் படிவமும்தான். சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை, குடும்பத்தாரின் சம்மதம் உட்பட, பெண் மீது சுமத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் சொல்லிவிட்டது. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை என்று சொன்னதும் அதே தீர்ப்புத்தான். அவளிடம் கணவர் கையெழுத்துக்கு வழியில்லை; அதனால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.

இதைச் சரிசெய்யச் சட்டத் திருத்தம் வேண்டாம், டெல்லி போக வேண்டாம். மக்கள் நல்வாழ்வுத் துறையிலிருந்து ஒரு பக்கச் சுற்றறிக்கையும், ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு ஓபி வாசலிலும் ‘பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும்’ என்று ஒரு பலகையும் போதும். மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து இதைக் கேட்பீர்களா? இதுதான் எங்கள் முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

கருத்தடை ஆபரேஷனுக்கோ காப்பர்-டிக்கோ ஒத்துக்கொண்டால்தான் கலைப்போம் என்று பேரம் பேசுவதும் சட்டத்தில் இல்லை. அதையும் அந்தப் பலகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரகசியம் என்று ஒன்று இருக்கிறது. சம்மதப் படிவத்தை உறையில் போட்டு, முத்திரையிட்டு, மேலே ‘ரகசியம்’ என்று எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். விவரத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. நல்ல விதி. உறை பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கலைக்க வந்தது யாரு?’ என்று நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்த்துக் கூப்பிடும் குரலை எந்த உறையில் போடுவது?

கடற்கரைத் தொகுதிகளில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி. கர்ப்பமாக இருக்கும்போது கணவரை இழந்தவருக்கு 24 வாரம் வரை விதி இடம் கொடுக்கிறது. சரி. 2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? ஒக்கிப் புயலில் போனவர்களில் எத்தனை பேரின் உடல் கரைக்கு வரவேயில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் கிடைப்பது எவ்வளவு பாடு என்று அப்போது இந்தக் கரை முழுக்கப் பார்த்தது. சாதாரணமாக ஏழு வருடம் தகவல் இல்லாமல் போனால்தான் இறந்ததாகக் கொள்வார்கள். கருவோ ஏழு வருடம் காத்திராது. நாளை இன்னொரு புயலில் கணவர் காணாமல் போன பெண் ‘விதவை’ என்று எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? வாழ்க்கைச் சூழல் மாறியிருந்தாலே போதும் என்று 2022 தீர்ப்பு அந்த விதியை விரித்துப் படித்திருக்கிறது. ஓபியில் இருக்கும் கிளார்க்குக்கு அது யார் மூலம் போய்ச் சேரும்?

சிறுமிகள் விஷயம் இன்னும் மோசம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் தொடுவோம் என்கிறார்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு மருத்துவரைத் தகவல் கொடுக்கத்தான் சொல்கிறது. வழக்குப் பதிவாகும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயரும் அடையாளமும் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து பேச்சிப்பாறை வழியாகப் பஸ் மாறி வருகிற தாயும் மகளும் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவதில் 22 வாரம் 25 ஆகிவிடும். 24-ஐத் தாண்டினால், சிசுவுக்குக் குறை இல்லாத பட்சத்தில் மருத்துவ வாரியமும் உதவாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். வாரியம் மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், ஒப்புதல் கிடைத்தால், விண்ணப்பித்த ஐந்து நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று விதி கெடு வைத்திருக்கிறது. அவர்களை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி வைப்பதற்குத்தான் யாரும் கெடு வைக்கவில்லை.

நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆயர் இல்லத்தில் ஆசி, சாமிதோப்புப் பதியில் தலைப்பாகை, தக்கலை தர்காவில் சால்வை என்று ஒரே நாளில் சுற்றி வருகிறவர்கள் இந்தச் சொல்லை வாயில் எடுத்தால் எந்தப் படியில் வழுக்கும் என்று தெரியாது. நான்குவழிச் சாலை, ரப்பர் விலை, கேரளத்துக்குப் போகும் கனிம லாரி பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள், பேச வேண்டியவைதான். தொகுதி நிதியில் முக்குக்கு முக்கு உயர்கோபுர விளக்கும் வைக்கிறீர்கள். ஒரு விளக்கின் காசுக்கு மாவட்டத்தின் அத்தனை அரசு ஆஸ்பத்திரிக்கும் அந்த 60 மில்லி சிரிஞ்ச் வாங்கி மிச்சம் வைக்கலாம். ஆனால் சிரிஞ்சின் மேல் உபயம் என்று பெயர் எழுத இடம் போதாது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டோம்.

நீங்கள் கருக்கலைப்பை எதிர்ப்பவராக இருக்கலாம். திருச்சபையின் போதனை அதுதான் என்று தெரியும். உங்கள் மனசாட்சி உங்களுடையது. எதிர்ப்பு என்றால் எதிர்ப்பு என்றே எழுதுங்கள்: சட்டத்தைச் சுருக்கக் கேட்பீர்களா, எந்த வாரத்தில் நிறுத்துவீர்கள், பலாத்காரத்துக்கு உள்ளான சிறுமிக்கு என்ன சொல்வீர்கள். ஆதரவு என்றால் 24 வாரத்துக்கு மேல் அந்தச் சிறுமியை மதுரைக்கு அனுப்பாமல் இருக்க உங்கள் கட்சியின் எம்.பி.க்களிடம் என்ன கேட்பீர்கள் என்று எழுதுங்கள். இரண்டும் இல்லை, இருக்கிற சட்டம் போதும் என்றால், இருக்கிற சட்டத்தின்படி தக்கலை, குழித்துறை, குளச்சல் அரசு ஆஸ்பத்திரிகளில் எந்தக் கிழமை எந்தச் சேவை கிடைக்கும் என்று பலகை வைக்கச் செய்வீர்களா என்று எழுதுங்கள். பெண் சிசுக் கொலைக்கு எதிரானவன் நான் என்று மட்டும் எழுதி முடித்துவிட வேண்டாம். கருவின் பாலினம் பார்ப்பது 1994-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின்படி குற்றம், இங்கே நாங்கள் கேட்பது அதுவல்ல.

கையெழுத்து விஷயத்தில் உங்கள் நிலை என்ன என்பதை மட்டும், வேறு எதற்குப் பதில் சொல்லாவிட்டாலும், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஒற்றை வரி போதும். பிரசாரம் ஓய்வதற்குள் உங்கள் நோட்டீஸின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தால் நல்லது. படகு கடலில் இருக்கும் வீடுகளில் கதவைத் திறந்து அந்த நோட்டீஸை வாங்குவது பெண்கள்தான், வாசித்துவிடுவார்கள்.

வணக்கத்துடன்,
குமரி மாவட்ட வாக்காளர்கள் சிலர்