களிமண்ணில் செய்த பெண்ணுக்கு அப்பா எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த காமிக்ஸ் நாயகிகள் கட்டுரையில் வொண்டர் வுமனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் 'ஜீயஸ் கடவுளின் மகள்; மனோதத்துவ நிபுணர் மார்ஸ்டனின் படைப்பு' என்று அவளது பிறப்பை ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இதில் ஜீயஸ், அவள் அறிமுகமாகி எழுபது வருஷம் கழித்து ஒட்டவைக்கப்பட்ட அப்பா. மார்ஸ்டன் விஷயமும் பாதிதான் சரி. இரண்டையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

1941 அக்டோபரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் 8ஆம் இதழில், கூடுதலாகச் சேர்த்த ஒன்பது பக்கக் கதையில்தான் டயானா, அதாவது வொண்டர் வுமன், முதலில் தலைகாட்டினாள். அமேசான்கள் என்ற கிரேக்கப் புராண வீராங்கனைகள் வாழும், ஆண்களே இல்லாத தீவு, அரசி ஹிப்போலிட்டா, அவள் மகள், விமானம் விழுந்து அங்கே வந்துசேரும் ராணுவ அதிகாரி ஸ்டீவ் ட்ரெவர். மகள் எப்படிப் பிறந்தாள் என்பதை 1942 கோடையில் வொண்டர் வுமன் என்ற பெயரிலேயே தொடங்கிய பத்திரிகையின் முதல் இதழ் சொன்னது. அரசி மண்ணைப் பிசைந்து ஒரு சிறுமியின் உருவம் செய்கிறாள்; கிரேக்கர்களின் காதல் தேவி ஆஃப்ரோடைட்டி அதற்கு உயிர் கொடுக்கிறாள். அவ்வளவுதான். மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையாரைச் செய்த பார்வதியின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அங்கேயும் அப்பா வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளைக்குத் தலை போனது!

இனி, படைத்தவர்கள். வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்றவர் என்பது பலருக்குத் தெரியும். டயானாவின் உண்மை சொல்லவைக்கும் கயிற்றை அதோடு முடிச்சுப் போடாத கட்டுரையே இல்லை. அந்த வீட்டில் இருந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. மனைவி எலிசபெத் ஹாலோவே சட்டப் பட்டதாரி, உளவியலும் படித்தவர்; வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவரும் பெரும்பாலும் அவர்தான். உடன் வாழ்ந்த ஆலிவ் பைர்ன், இரு பெண்களின் நான்கு குழந்தைகளையும் வளர்த்தார். ஆலிவின் பெரியம்மா, குடும்பக்கட்டுப்பாட்டு இயக்கத்தின் மார்கரெட் சாங்கர். அம்மா எதெல் பைர்ன், 1916இல் அக்காவோடு சேர்ந்து ப்ரூக்ளினில் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்து, சிறைக்குப் போய், அங்கே உண்ணாவிரதம் இருந்தவர். டயானா கையில் போட்டிருக்கும் கனத்த காப்புகள் ஆலிவ் அணிந்த காப்புகளைப் பார்த்து வரையப்பட்டவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. 1940இல் ஃபேமிலி சர்க்கிள் பத்திரிகையில் காமிக்ஸ் பற்றி மார்ஸ்டனின் பேட்டி வந்தது. எடுத்தவர் பெயர் ஆலிவ் ரிச்சர்ட். பெரிய மனிதரைத் தேடிப்போன வெளியாள் போலவே எழுதியிருப்பார். அது வேறு யாருமல்ல, அதே வீட்டில் குடியிருந்த ஆலிவ் பைர்ன்! அந்தப் பேட்டியைப் படித்துத்தான் பதிப்பாளர் எம்.சி. கெயின்ஸ் மார்ஸ்டனை ஆலோசகராக அழைத்தார். ஆக, வொண்டர் வுமனுக்கு முதல் கதவைத் திறந்தது ஆலிவின் பேனா. கதைகளுக்கோ 'சார்ல்ஸ் மோல்டன்' என்று புனைபெயர் வைத்தார்கள். கெயின்ஸின் நடுப்பெயர் பாதி, மார்ஸ்டனின் நடுப்பெயர் பாதி. பெண்களுக்கு அதில் இடமில்லை.

ஓவியர் எச்.ஜி. பீட்டருக்கு அப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. ஜட்ஜ் என்ற பத்திரிகையில் பெண்கள் வாக்குரிமைக்காகக் கார்ட்டூன் போட்ட கை. சங்கிலியை அறுத்துக்கொண்டு எழும் பெண் அந்தக் காலத்துப் படங்களில் வாடிக்கை. மார்ஸ்டனோ அந்தச் சங்கிலியைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துவந்தார், கட்டிப்போடுவதில் அவருக்கு இருந்த மோகத்தையும் சேர்த்து. பதிப்பகத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்தே கண்டனம் வந்தது. அதையெல்லாம் மூடிமறைத்து அவரைப் பெண்ணியத்தின் தூதராக்க வேண்டியதில்லை.

1944இல் மார்ஸ்டன் தன்னிடம் படித்த ஜாய் ஹம்மல் என்ற 19 வயதுப் பெண்ணை உதவியாளராக எடுத்தார். அதே வருஷம் போலியோ வந்து படுத்துவிட்டார். அப்புறம் கதைகளில் பெரும் பங்கை ஹம்மல்தான் எழுதினார். அச்சில் வந்ததோ வழக்கம்போல 'சார்ல்ஸ் மோல்டன்'. 2018இல், 94 வயதில், அவருக்கு பில் ஃபிங்கர் விருது கிடைத்தது. பேட்மேனை உருவாக்கியதில் சரிபாதிப் பங்கு இருந்தும் பெயர் மறுக்கப்பட்டவர் அந்த ஃபிங்கர்!

வாசகர்கள் அவளை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? ஆல் ஸ்டார் காமிக்ஸின் சூப்பர் ஹீரோ குழுவான நீதிச் சங்கத்தில் (ஜஸ்டிஸ் சொசைட்டி) சேர்க்கலாமா என்று 1942இல் கருத்துக் கேட்டபோது முதலில் வந்த 1,801 சீட்டுகளில் 1,265 பையன்களும் 333 பெண்களும் சேர்க்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் 197 பையன்கள், 6 பெண்கள். சரி, சேர்த்தார்கள். எந்தப் பொறுப்பில் தெரியுமா? செயலாளர்! மற்றவர்கள் போருக்குக் கிளம்ப, சூப்பர்மேனுக்கு இணையான பலம் கொண்டவள் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கதைகளை எழுதியவர் மார்ஸ்டன் அல்ல, கார்ட்னர் ஃபாக்ஸ்.

1947இல் மார்ஸ்டன் இறந்தார். எலிசபெத் பதிப்பகத்தாரிடம் தன்னை ஆசிரியராக அமர்த்தும்படி கேட்டார். வேலை ராபர்ட் கானிகருக்குப் போனது. டயானா குழந்தை பார்த்துக்கொள்பவளாக, ஃபேஷன் மாடலாக, சினிமா நட்சத்திரமாக ஆனாள். முதல் இதழிலிருந்தே சரித்திரப் பெண்களின் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்லும் பகுதி ஒன்று வந்துகொண்டிருந்தது. டென்னிஸ் வீராங்கனை ஆலிஸ் மார்பிள் பெயரில் வந்த அது, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலில் ஆரம்பித்தது. அதை நிறுத்திவிட்டு உலகக் கல்யாணச் சடங்குகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். 1968இல் சக்திகளும் உடையும் போயின. 1972இல் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் தனது மிஸ் பத்திரிகையின் அட்டையில் பழைய உடையோடு அவளை நிறுத்தினார். அடுத்த வருஷமே சக்திகள் திரும்பின.

இப்போது அப்பா பக்கம் வருகிறேன். ஒரு தகப்பன் இருந்திருக்க வேண்டும் என்ற ஜாடையை முதலில் காட்டியவர் கானிகர்தான். 1959இல் வந்த 105ஆம் இதழில் அமேசான்களின் ஆண்கள் போரில் மாண்டதாகவும், டயானா அதற்கு முன்பே பிறந்துவிட்டதாகவும் மாற்றினார். 1987இல் தொடரைப் புதிதாகத் தொடங்கிய ஜார்ஜ் பெரெஸ் மண்ணுக்கே திரும்பினார், முன்னைவிட ஆழமாக. ஆண்களின் வன்முறையில் செத்த பெண்களின் ஆன்மாக்களே அமேசான்கள். அவர்களில் ஒருத்தி கர்ப்பத்தோடு கொல்லப்பட்டவள். பிறக்காத அந்த உயிர்தான் களிமண் குழந்தைக்குள் புகுகிறது. என்னைக் கேட்டால் இதைவிடச் சிறந்த பிறப்புக் கதை அவளுக்கு எழுதப்படவில்லை.

2011இல் ப்ரையன் அஸரெல்லோ எழுதி, கிளிஃப் சியாங் வரைந்த தொடரில் இதெல்லாம் பொய் என்று ஆனது. ஜீயஸ்தான் அப்பா, அவர் மனைவி ஹீராவின் கோபத்துக்குப் பயந்து அரசி கட்டிய கதையாம் களிமண். அமேசான்களும் சும்மா விடப்படவில்லை: கப்பல்களில் ஏறி மாலுமிகளோடு கூடி, பிறகு அவர்களைக் கொன்று, பிறக்கும் ஆண் குழந்தைகளை விற்கும் கூட்டமாக மாறினார்கள். தொடர் விறுவிறுப்பானது, சியாங்கின் ஓவியம் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாய் தனக்கென்று ஆசைப்பட்டுச் செய்த மகளுக்குப் பதிலாக, ஜீயஸின் நூற்றுக்கணக்கான சில்லறைப் பிள்ளைகளில் இன்னொன்று கிடைத்தது. 2017இல் பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய படமும் அதே அப்பாவை எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்தவர்கள் காமிக்ஸ் படித்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் உங்கள் கட்டுரையிலும் ஜீயஸ் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் இடம் இருந்தால் ஆலிவ் பைர்ன், எலிசபெத், ஜாய் ஹம்மல், பீட்டர் ஆகியோர் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள். படம் போடுவதாக இருந்தால் சினிமா ஸ்டில்லுக்குப் பதிலாக பீட்டர் வரைந்த ஏதாவது ஒன்றைப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மதுரை.