பெஞ்சில் சுடும் மகளுக்கு

அம்மாடி,

உன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு நீ அனுப்பிய இலக்குத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து துளைகளும் மேலும் கீழுமாக ஒரு கோட்டில் நிற்கின்றன, பக்கவாட்டில் அவ்வளவாகச் சிதறவில்லை. இதை வைத்து ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கிமேல் மாட்டியிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியை, குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புது ஸ்கோப் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடு.

கூடவே நீ உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முன்கட்டையை இறுக்கமான மணல் பைமேல் வைத்து, பின்கட்டையைத் தோளோடு அழுத்தி, போதாததற்கு இடது கையால் மேலிருந்து அமுக்கியும் பிடித்திருக்கிறாய். உன் சிநேகிதி அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள் என்கிறாய். அவளுக்கு அது சரி. அவளுடையது பி.சி.பி., முன்கூட்டியே அடைத்து வைத்த காற்றில் சுடுவது. உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. உன்னுடையது ஸ்பிரிங் துப்பாக்கி.

ட்ரிகரை இழுத்ததும் உள்ளே ஸ்பிரிங் விரிந்து பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் முனையை நெருங்கும்போது அங்கே நசுங்கிக் கிடக்கும் காற்று அதைத் தடுக்கிறது. உடனே துப்பாக்கி முன்னால் உந்தப்படுகிறது. எல்லாம் சில மில்லிவிநாடிகளில். பெல்லட், அதாவது ஈயக் குண்டு, குழலுக்குள் இருக்கும்போதே இந்த ஆட்டம் தொடங்கிவிடுவதுதான் தொல்லை. நீ எவ்வளவு இறுக்கினாலும் அது ஆடத்தான் செய்யும். ஒரு தடவை கொஞ்சம் அதிகமாக அழுத்தியிருப்பாய், அடுத்த தடவை கொஞ்சம் குறைவாக. ஆட்டம் மாறும், குண்டு வேறு இடத்தில் போய் விழும். ஒரே அளவு பலமாக அழுத்துவது மனிதக் கையால் ஆகாத காரியம். அழுத்தாமலே இருப்பதை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் அதேபோலச் செய்யலாம்.

அதனால் இடது உள்ளங்கையை விரித்துப் பைமேல் வை, துப்பாக்கியை அதன்மேல் படுக்க வை. விரல்களை மடக்காதே. ட்ரிகர் கூட்டுக்குச் சற்று முன்னால், எடை சமமாக நிற்கும் இடத்தில் தொடங்கி, அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்திச் சுட்டுப் பார். துளைகள் நெருங்குகிற இடம் கிடைத்ததும் கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு, இல்லாவிட்டால் அடுத்த முறை கை வேறெங்காவது போய் உட்காரும். பின்கட்டை தோளைத் தொட்டால் போதும். வலது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் பக்கவாட்டில் சும்மா விடு.

இப்படிப் பிடித்தால் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு குறியை விட்டு நழுவும். கையால் இழுத்துச் சரிசெய்யாதே, இழுத்தது சுடும் நேரத்தில் திரும்பிப் போய்விடும். கண்ணை மூடி மூச்சை விட்டுவிட்டுத் திற. கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் உன் உடம்பு நிற்கிறது. நாற்காலியை நகர்த்து, பையை நகர்த்து. சலிப்பான வேலைதான். ஆனால் பெஞ்சில் சுடுவதில் பாதி இந்த நாற்காலி வேலைதான் என்பேன்.

கன்னம் கட்டையில் எப்போதும் ஒரே இடத்தில் படட்டும். பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத் தூரத்தில் கோடும் குறியும் ஒன்றாக நிற்கும்படி சரிசெய்யப்பட்டவை. நீ சுடும் 10 மீட்டரில் தலை லேசாக நகர்ந்தாலே கோடு குறியை விட்டு நகர்ந்து தெரியும். சுட்டதும் தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கிறாயா? நிச்சயம் பார்ப்பாய், சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொறுமை கிடையாது. துளை விழுவது ஸ்கோப்பிலேயே தெரியட்டும், அதுவரை விரல் ட்ரிகரிலேயே இருக்கட்டும்.

கட்டைத் திருகுகளையும் ஸ்கோப் மவுண்ட்டையும் ஒருமுறை பார்த்துவிடு. ஸ்பிரிங் துப்பாக்கி அதிர்ந்து அதிர்ந்து அவற்றைத் தளர்த்திவிடும். பெல்லட்டில் பாவாடை, அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, நசுங்கியதை ஒதுக்கு. எடை போட்டுப் பிரிப்பதெல்லாம் பிற்பாடு, இப்போது அதில் இறங்கினால் பிடியைக் கவனிக்க மாட்டாய்.

ஐந்து குண்டு போதாது. அடுத்த தாளில் பத்தாகச் சுட்டு, ஒவ்வொன்றும் எங்கே போயிருக்கும் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதி வைத்து, இரண்டையும் சேர்த்து அனுப்பு. அழகான தாளாகப் பொறுக்கி அனுப்பாதே.

இன்னொன்று. குழலை மடித்துப் பெல்லட் வைக்கும்போது மறுகையால் குழலை விடாமல் பிடித்திரு. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் குழல் பட்டென்று மூடிக்கொள்ளும், விரல் போகும். பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்காதே, பிஸ்டன் போய் மோதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். தொட்டதெல்லாம் ஈயம், சாப்பிட உட்காருமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு.

அன்புடன்,
அப்பா