சரிவுக்கென்று நீங்கள் விற்ற படர்செடி பற்றி நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை ஐயா, புகார் சொன்னேன்.

உங்கள் சரிவுத் தொகுப்பில் பெரியதை வாங்கினேன். அதில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்: வெடேலியா என்ற படர்செடியின் நாற்று, அடியில் விரிக்கிற கறுப்பு ஷீட். என் பின்புறம் மூன்றடிக்கு ஓரடி இறங்குகிறது என்று வாங்கும் முன்பே படத்தோடு அனுப்பியிருந்தேன். இதற்கென்றே செய்தது என்றார்கள். சரி என்று நம்பினேன்.

காய்ந்த செடியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். இரண்டு பஸ் மாறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "மண்ணோட கொண்டு வரணும் சார்" என்றார். மண்தான் அடித்துக்கொண்டு போய்விட்டதே! அப்புறம் சொன்னாரே ஒன்று: "செடியில குறை இல்ல, உங்க இடம்தான் சாய்வா இருக்கு." சாய்வாக இருப்பதால்தானே உங்களிடம் வந்தேன்?

முதல் பெருமழையிலேயே பாதி மண் கீழே வந்துவிட்டது. கொடியைத் தூக்கிப் பார்த்தேன். ஷீட்டின் மேல் ஒரு முழம் ஓடியிருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் முளைத்து, இறங்க மண் இல்லாமல் கருகியிருக்கிறது. கணுவில் வேர்விட்டு மண்ணைப் பிடிக்கிற செடிக்கு அடியில் ஷீட் விரிக்கச் சொன்ன புண்ணியவான் யார்? ஷீட் இல்லாத வேலியோரத்தில் மட்டும் அமோகமாகப் பிடித்து, பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது. அது கண்ட இடமெல்லாம் பரவும் செடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது அவர்களோடும் பேச்சு இல்லை.

வேறு நர்சரிக்காரர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக வெட்டிவேர், அதன் வேர் 2, 3 மீட்டர் இறங்கும். நடுவில் அடக்கமாகப் படரும் செடி. ஷீட்டுக்குப் பதில் தென்னைநார் வலை. செடி வேர் பிடிக்கும்வரை வலை மண்ணைத் தாங்கும், பிறகு மட்கிவிடும். இது உங்களுக்குத் தெரியாதா?

என் மூன்று வருட உழைப்பும் மண்ணோடு போயிற்று. இன்னொரு மழைக்கு வீடே இறங்கிவிடும் போலிருக்கிறது. "இடம்தான் சாய்வு" என்ற பேச்சு தூக்கத்திலும் கேட்கிறது.

தயவுசெய்து முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், ஆள் அனுப்பி ஷீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 15 நாள் பார்ப்பேன். அதற்குமேல் படங்கள், ரசீது, உங்கள் மூன்று நன்றிக் கடிதங்கள் எல்லாம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

யாரை அனுப்பினாலும் சரி, அந்தத் தம்பி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
நொந்துபோன வாடிக்கையாளர்